சாமை மெஷின் நோட்டில் நான் எழுதிய பதில்கள்

1983-ஆம் வருடம் மார்ச் மாதம் 17-ஆம் தேதி வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, ஜவ்வாது மலைக் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் விசாரிக்க, கீழ்க்கண்ட நபர் சொல்லி, ஏட்டு எழுதிக்கொண்டது.

என் பெயர் ராஜாக்கண்ணு. வயது முப்பத்தொன்பது. தகப்பனார் பெயர் தங்கவேல், காலமாகிவிட்டார். சொந்த ஊர் வடஆற்காடு மாவட்டம், வேலூர் தாலுகா, ஒடுகத்தூர். தற்போது மலையில் புளியங்கொல்லை கிராமத்தில் மெஷின் கொட்டகையிலேயே தங்கியிருக்கிறேன். ஏழாவது வரை படித்திருக்கிறேன். ஆயில் என்ஜின் பிட்டர் வேலை செய்கிறேன். மனைவி பூங்கோதை ஒடுகத்தூரில் இருக்கிறாள். இதற்கு முன் என் மேல் வழக்கு எதுவும் இல்லை. வாய்ச்சண்டை நிறைய உண்டு, அவை ஸ்டேஷன் வரைக்கும் வந்ததில்லை.

சென்ற புரட்டாசி மாதம் புளியங்கொல்லையில் கூட்டுறவுச் சங்கத்தின் சார்பில் சாமை குத்துகிற மெஷின் வைத்தார்கள். அதற்கு முன் மலையில் பெண்கள் விடியற்காலை எழுந்து உரலில் போட்டு உலக்கையால் குத்தித்தான் சாமை அரிசி எடுப்பார்கள். நெல் மெஷினில் சாமையைப் போட்டால் போட்டது போட்டபடியே வெளியே வரும், இல்லாவிட்டால் மாவாக வரும். மலைக்கு வருவதற்கு முன்பே ஒடுகத்தூரில் நான் பழைய நெல் மெஷின் ஒன்றைப் பிரித்து, உருளையை எடுத்துவிட்டு, மாவு மெஷின் கல் இரண்டைப் பொருத்தி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒரு திருகால் கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்தேன். அங்கே என்னைப் பைத்தியம் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து முதல் படி சாமை உமி நீங்கி வெள்ளையாக விழுந்தபோது நான் அழுதுவிட்டேன். இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று ஏட்டு ஐயா சொல்கிறார். எனக்குச் சம்பந்தம் உண்டு, எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

மெஷினை மலையில் வைத்த அன்றைக்கு வேலூரிலிருந்து வந்த ஆபீசர் ஒருவர், மெஷினை ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்றும், ஜனங்கள் பயமில்லாமல் குறை நிறை எழுத ஒரு நோட்டு வைக்க வேண்டும் என்றும், அது மெஷின் கொட்டகையில் இருக்கக் கூடாது என்றும் சொல்லி, நூறு பக்க நோட்டு ஒன்றைச் சங்கக் கட்டிடத்து வாசல் கம்பத்தில் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்தில் பென்சிலும் கட்டினார். தேதி, பெயர், பெண்ணாக இருந்தால் கணவர் பெயர், கருத்து என்று கோடு போட்டுக் கொடுத்தார். அந்த நோட்டைப் படித்துப் பார்த்து, மெஷின் மலையில் இருப்பதா, கீழே இறக்கிவிடுவதா என்று மார்ச் கடைசியில் முடிவு செய்வோம் என்றார். மெஷின் இறங்கினால் நானும் இறங்க வேண்டியதுதான். என்னைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் எல்லாரும் ஒடுகத்தூர் பஜாரிலேயேதான் இருக்கிறார்கள்.

முதல் மூன்று மாதத்தில் மூன்று கருத்து விழுந்தது. மூன்றும் நல்ல கருத்து. "கை வலி குறைந்தது, மெஷின் இருக்கட்டும்" என்று ஒன்று. அதை நான் தினமும் போய்ப் படித்தேன். அதன் பிறகு தை மாதம் பிறந்ததும் குறைகள் விழ ஆரம்பித்தன. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு ஒன்று என்று மாசி முடிவதற்குள் நாற்பது குறை சேர்ந்துவிட்டது. நாற்பதும் ஒரே கையெழுத்து. சின்னச் சின்னதாக, உருண்டையாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. பெயர் எழுத வேண்டிய இடம் நாற்பதிலும் காலி.

என்னிடம் மூட்டை கொண்டுவந்தவர்களோ ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு சாமையைக் கொடுத்து, சிரித்த முகத்தோடு அரிசியை வாங்கிப் போனார்கள். மலை ஜனங்கள் ஒருவர் செய்த வேலையை அவர் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆகவே ஊரே திருப்தியாக இருக்கிறது, ஒரே ஒரு ஆள் மட்டும் என் பிழைப்பில் மண்ணைப் போட உட்கார்ந்து எழுதுகிறான் என்று முடிவு கட்டினேன்.

அந்த ஆள் சங்கத்துச் செயலாளர் சக்கரவர்த்திதான் என்றும் முடிவு கட்டினேன். நோட்டு தொங்குவது அவர் வாசலில். ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்கிறவர் அவர். சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும். மெஷின் வந்த அன்றைக்கு, "இது எத்தினி நாளைக்கோ" என்று சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். இதைத் தவிர வேறு சாட்சி என்னிடம் இல்லை.

அதன் பிறகு நான் நோட்டில் பதில் எழுத ஆரம்பித்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. "நொய் அதிகமாக இருக்கிறது" என்று இருந்ததற்கு, "நொய்யில் கஞ்சி வைத்துக் குடி" என்று எழுதினேன். "அரிசியில் சூட்டு வாடை வருகிறது" என்றதற்கு, "மூக்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடு" என்று எழுதினேன். "மதியத்துக்கு மேல் போட்டால் உடைகிறது" என்றதற்கு, "சோம்பேறி, காலையில் எழுந்து வா" என்று எழுதினேன். "மெஷின்காரர் பேச்சு மெஷினை விடச் சத்தம்" என்றதற்கு நான் எழுதியதை ஏட்டு ஐயா நோட்டிலிருந்து பார்த்துக்கொள்ளவும், என் வாயால் சொல்ல முடியாது. நாற்பது குறைக்கும் நாற்பது பதில் எழுதினேன். மெச்சி எழுதிய மூன்றுக்கு ஒரு வரி நன்றி எழுதத் தோன்றவில்லை. எழுதி முடித்த அன்றைக்கு மனசு குளிர்ந்த மாதிரி இருக்கும், மறுநாள் புதிதாக ஒன்று விழுந்திருந்தால் சோறு இறங்காது. ஆனாலும் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

இந்த மாதம் 14-ஆம் தேதி திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான் நோட்டைப் பார்த்தபோது நாற்பத்தொன்றாவது குறை இருந்தது. "போகும்போது சாமை, வரும்போது மாவு. சொன்னால் மெஷின்காரருக்குக் கோபம் வருகிறது. இவர் ஒரு நாளாவது இதைப் படித்தால் தேவலை" என்று இருந்தது. தினமும் ஓடி ஓடிப் படிக்கிற என்னைப் பார்த்துப் படிக்கவில்லை என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும் என்று ஐயா யோசிக்க வேண்டும். நான் பென்சிலை எடுத்து, "இதை எழுதும் கையை என் மெஷினில் விட்டு அரைக்காமல் விடமாட்டேன்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். அது என் எழுத்துதான், ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு உள்ளே போய் சக்கரவர்த்தியின் சட்டையைப் பிடித்தேன். இரண்டு பொத்தான் தெறித்தது. அவர் என்னை அடிக்கவில்லை. "நான் எழுதலைங்க. யாரு எழுதறாங்கன்னு தெரியும், சொல்ல மாட்டேன்" என்றார். நான் அதை நம்பவில்லை. அன்று சாயங்காலமே அவர் சங்கத்தைப் பூட்டிவிட்டு அமிர்திப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். ஒளிந்துகொண்டான், ஆகவே அவன்தான் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை மெஷின் ஓட்டினேன். பெல்ட் மாட்டும்போது இடது கை விரல் கிழிந்து ரத்தம் வந்தது, துணியால் துடைத்துத் துணியை மூலையில் போட்டேன். புதன்கிழமை கூட்டம் இல்லை. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு சின்னதம்பி என்பவர் ஏழெட்டு ஆட்களோடு கொட்டகைக்கு வந்தார். அவர் சங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள பால்வாடி டீச்சர் அம்சவல்லியின் கணவர். புளி விற்க இரண்டு நாளாகப் படவேட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் மலையேறி வந்திருந்தார்.

"எம் பொண்டாட்டி எங்கய்யா?" என்றார்.

நான், "இன்னாய்யா கேக்கற? உம் பொண்டாட்டிய எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"வூடு பூட்டி கீது. பால்வாடியும் பூட்டி கீது. காலையிலேர்ந்து அவள யாரும் பாக்கல. நோட்டுல எழுதறது அவதான்னு ஊருக்கே தெரியும். கைய அரைப்பேன்னு நீ எழுதி வச்சிருக்கியாமே."

ஐயா, எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அந்த டீச்சரம்மாவை நான் ஒரு நாளும் பென்சிலோடு பார்த்ததில்லை. குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றும்போதுதான் பார்த்திருக்கிறேன். அதற்குள் கூட வந்தவர்களில் ஒருவர் மூலையில் கிடந்த ரத்தத் துணியை எடுத்துவிட்டார். என் விரலைக் காட்டினேன். யாரும் விரலைப் பார்க்கவில்லை, எல்லாரும் மெஷினைப் பார்த்தார்கள். ஒருவர் கல்லுக்குள் குனிந்தே பார்த்தார்.

என்னை அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அவர்கள் அடிக்கவில்லை. ஓடை, கிணறு, பாறைப் பள்ளம் என்று ஊரே தேடப் போனது, நானும் கூடப் போனேன். ஒவ்வொரு கிணற்றிலும் முதலில் எட்டிப் பார்த்தது நான்தான். நான் அவளை ஒன்றும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதியதைப் படித்துப் பயந்து அவளே ஏதாவது செய்துகொண்டிருந்தால், அது நான் செய்ததுதான். இருட்டிய பிறகு என்னை இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார்கள். நோட்டையும் அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ராத்திரி டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடிக்கவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு சின்னதம்பி எழுத்து மூலம் புகார் கொடுக்க வந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆகவே ஏட்டு ஐயா அவர் சொல்லச் சொல்ல எழுதினார். பாதியில் அவர் வெற்றிலை போட இடுப்புப் பையை அவிழ்த்தபோது மடித்த காகிதம் ஒன்று இருந்தது. என்ன அது என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்கு, "வூட்டுக் கதவுல சொருகி இருந்துச்சுங்க. பால்வாடி ஆபீஸ் காகிதமா இருக்கும், நனையப் போவுதுன்னு எடுத்து வச்சேன்" என்றார். ஐயா அதை வாங்கிப் பிரித்து உரக்கப் படித்தார். "மேட்டுக்கொல்லைப் பெண்களோடு வேலூருக்கு ஆபீசரைப் பார்க்கப் போகிறேன். அமிர்தி வழியாகப் போய் வியாழக்கிழமை வந்துவிடுவேன். களி மூடி வைத்திருக்கிறது. சக்கரவர்த்தி அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தால் இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவும். அம்சவல்லி" என்று இருந்தது.

சின்னதம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். எனக்கு வந்த அழுகையில் பாதி சிரிப்பாக இருந்தது. மேட்டுக்கொல்லை நாலு மைல் தள்ளி மலைக்கு அந்தப் பக்கம், கூடப் போன பெண்களின் வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, எங்கள் ஊருக்குத்தான் தெரியவில்லை. கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டிய சக்கரவர்த்தியை ஊரை விட்டு விரட்டியது நான். அதன் பிறகு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன், இரண்டு தடவை.

சாயங்காலம் நாலு மணிக்கு அம்சவல்லியும் மேட்டுக்கொல்லைப் பெண்கள் மூன்று பேரும் அமிர்தியிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்து, வழியில் சேதி கேள்விப்பட்டு நேரே ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அம்சவல்லி உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து வலது கையை மேஜை மேல் வைத்தாள். "இந்தக் கைதாங்க எழுதுச்சு. முழுசா கீது, பாத்துக்குங்க" என்றாள். உள்ளங்கை முழுக்க உலக்கை பிடித்த காய்ப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன். இதுவரை யாரிடமும் கேட்டதில்லை, ஆகவே சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை.

அதன் பிறகு பெண்களை விசாரித்தார்கள். முதலில் மங்கம்மாள் என்ற வயதான அம்மாளிடம் ஏட்டு ஐயா பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, கணவர் பெயர் என்ன என்று கேட்டார். அந்த அம்மாள் கூரையைப் பார்த்தாள்.

"அத நான் எப்பிடிங்க சொல்றது?"

"சொல்லலேன்னா எழுத முடியாதும்மா."

"எழுதாதீங்க."

அம்சவல்லி குறுக்கே வந்து, "கிருஷ்ணன்னு போடுங்க" என்றாள். அடுத்து மாணிக்கம்மாள், ரஞ்சிதம் ஆகியோரின் கணவர் பெயரையும் அவளே சொன்னாள். கடைசியில் அவள் கணவர் பெயர் என்ன என்று கேட்டதும் அவளும் வாயை மூடிக்கொண்டாள். மங்கம்மாள், "சின்னதம்பி. தோ, வாயப் பொளந்துகினு நிக்கிறானே அவந்தான்" என்றாள். ஸ்டேஷனே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எனக்கு அப்போதுதான் விளங்கியது. நோட்டில் நாற்பத்தொரு இடம் ஏன் காலி என்று அம்சவல்லியிடம் கேட்டேன். பால்வாடியில் பிள்ளையை விட வருகிற பெண்களும் மேட்டுக்கொல்லையிலிருந்து சாமை கொண்டுவருகிற பெண்களுமாகப் பத்தொன்பது பேர் சொல்லச் சொல்ல அவள் எழுதியிருக்கிறாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள், குறை சொல்கிற நோட்டில் அந்தப் பெயர் ஏறக் கூடாது என்றார்களாம். கணவர் பெயர் இல்லாமல் தங்கள் பெயரை மட்டும் போட்டால் ஆபீசர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அதையும் விட்டுவிட்டார்களாம். ஒரே எதிரி என்று நான் நினைத்தது பத்தொன்பது பேர், அதில் ஒருவர் கூட எதிரி இல்லை.

வேலூருக்கு எதற்குப் போனீர்கள், என் மேல் புகார் சொல்லவா என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா முன்னால் கேட்டேன். அம்சவல்லி, "நீங்க எழுதினதப் பாத்தேங்க. இவரு கோச்சுக்கினு மெஷின எடுத்துகினு கீழ போய்ட்டா நாங்க திரும்ப உலக்கையத் தூக்கணும். போவ விடாதீங்கன்னு சொல்லத்தாங்க போனோம்" என்றாள். ஆபீசர் நேற்று வெளியூரில் இருந்ததால் ராத்திரி வேலூரில் தங்கி, இன்று காலை பார்த்திருக்கிறார்கள். மெஷின் இன்னும் ஒரு வருடம் மலையில் இருக்கலாம், நோட்டும் தொங்கட்டும், ஆனால் மெஷின்காரர் நோட்டில் ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது என்று ஆபீசர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தைக் காட்டினாள். எனக்குச் சம்மதம். உண்மையைச் சொன்னால், அந்தப் பென்சிலிலிருந்து விடுதலை கிடைத்த மாதிரிதான் இருக்கிறது.

அதன் பிறகு நோட்டில் உள்ளதை முதலிலிருந்து படிக்கும்படி சப்-இன்ஸ்பெக்டர் ஐயா ஏட்டு ஐயாவிடம் சொன்னார். என்னை வாயைத் திறக்கக் கூடாது என்றார். ஆறாவது குறைக்குள் மூன்று தடவை திறந்துவிட்டேன். "யோவ், அவங்க சொல்றத மொதல்ல கேளுய்யா" என்று லத்தியால் மேஜையைத் தட்டினார். அப்புறம் என் பதில்களை விட்டுவிட்டு அவர்கள் எழுதியதை மட்டும் படித்தார்கள். காலையில் போட்டது நன்றாக இருந்தது, மதியம் போட்டது நொய். அக்காள் காலையில் போட்டாள், அரிசி முழுசு, நான் மூன்று மணிக்குப் போட்டேன், மாவு. வெயில் அதிகமான அன்றைக்குச் சூட்டு வாடை. இப்படியே போனது. இருபதாவது குறையில்தான் எனக்குப் பிடிபட்டது. நான் கல்லின் இடைவெளியைக் காலையில் ஒரு தடவைதான் திருகி வைப்பேன். மதியத்துக்குள் கல் சூடேறி உப்பி இடைவெளி குறைந்துவிடுகிறது. அதனால்தான் தையில் கொஞ்சமாக இருந்த குறை மாசியில் வெயிலோடு ஏறியது. நாற்பது வயதை நெருங்கும் பிட்டர் கண்டுபிடிக்காததைப் பத்தொன்பது பெண்கள் நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பதினோரு மணிக்கு ஒரு தடவை நிறுத்திக் கல்லை ஆறவிட்டு, திருகைக் கால் சுற்று தளர்த்தினால் சரியாகிவிடும். இதை நான் சத்தமாகச் சொன்னபோது மங்கம்மாள், "அதத்தாங்க ரெண்டு மாசமா சொல்றோம்" என்றாள்.

சின்னதம்பி தமக்குப் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சக்கரவர்த்தி வந்ததும் அவர் வாசலில் வைத்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேன், பொத்தானும் தைத்துக் கொடுப்பேன். இனி யாரையும் எழுத்தாலோ கையாலோ மிரட்டமாட்டேன். என்னை இன்றே விட்டால் விடிந்ததும் திருகைத் தளர்த்தி மெஷினை ஓட்டிப் பார்க்கலாம். நோட்டை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இருபதுக்கு மேல் உள்ளதை என்னால் அவசரத்தில் சரியாகக் கேட்க முடியவில்லை.

மேலே கண்டதெல்லாம் யாரும் வற்புறுத்தாமல் நானே சொன்னது, நடந்தது நடந்தபடி உண்மை. ஏட்டு ஐயா முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எனக்குப் படித்துக் காட்டினார். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுவதும் கேட்டேன். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) த. ராஜாக்கண்ணு